வழக்கம் போல என்றொரு கேக்

பெர்னதெத் ஆன்ட்டியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் அவருடைய கால்கள்தான் நினைவுக்கு வருகின்றன. முழங்காலுக்குக் கீழே நரம்புகள் பச்சையாகப் புடைத்து, கிளை பிரிந்து, எங்கள் பெங்களூரு பிரேசர் டவுன் வரைபடம் மாதிரியே இருக்கும். இதோ மாஸ்க் ரோடு, இதோ கோல்ஸ் ரோடு, இந்த முடிச்சுதான் ரயில்வே ஸ்டேஷன் என்று ஒருநாள் விரல் நீட்டிக் காட்டினேன். செருப்பு பறந்து வந்தது. குறி தப்பவில்லை. அவர் எதிலும் குறி தப்புகிற ஆள் இல்லை. ஒரே ஒரு முறை தப்பினார். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

நாங்கள் ஒரே காம்பவுண்டு. என் வீட்டு வாசலில் நின்றால் அவர் வீட்டுக் குக்கர் எத்தனையாவது விசில் என்று சொல்லலாம். ஆன்ட்டியின் வீட்டுக்காரர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். மகள் மங்களூரில் நர்சிங் படிக்கிறாள். ஆன்ட்டி கோவிந்தப்பா பேக்கரியில் நிற்கிறார். வேலை செய்கிறார் என்று எழுதாமல் நிற்கிறார் என்று எழுதியது வேண்டுமென்றேதான். அந்த பேக்கரியில் இருப்பது ஒரே நாற்காலி. அது கல்லாவுக்குப் பின்னால் இருக்கிறது. அதில் கோவிந்தப்பா இருக்கிறார். காலையில் கார பன் தட்டு வெளியே வரும்போது நிற்க ஆரம்பிக்கிற ஆன்ட்டி, ஷட்டர் இறங்கும்வரை நிற்பார். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே அட்டைப்பெட்டி மடிக்கப் போனவர், அப்போதிலிருந்து நிற்கிறார்.

கவுண்டரில் பஃப்ஸ் எடுத்துக் கொடுக்க யாராலும் முடியும். ஆன்ட்டியின் நிஜமான வேலை ஃபோன். கேக் வேண்டும் என்று யாராவது கூப்பிட்டால், இடுக்கியை வலது கையில் வைத்துக்கொண்டே இடது தோளில் ஃபோனை இடுக்கிக்கொள்வார். என்ன கேக் என்று கேட்கமாட்டார். முதல் கேள்வி எப்போதும், "யாருக்குங்க?" என்பதுதான். அதற்கு வருகிற பதிலில் பாதி கேக் தயாராகிவிடும் என்பார். மாமியாருக்கு என்றால் கிரீம் குறைவு. பேரனுக்கு என்றால் நிறம் அதிகம். ஆபீசில் வேலையை விட்டுப் போகிறவருக்கு என்றால் செவ்வகமாகப் போடு, எல்லாருக்கும் சமமாக வெட்ட வரும்.

பழைய ஆட்களுக்கு அந்தக் கேள்விகூடக் கிடையாது. "பெர்னதெத்தம்மா, ஞாயித்துக்கெழம, வழக்கம் போல" என்பார்கள். ஆன்ட்டி "சரிங்க" என்பார். ஃபோன் வைத்தாகிவிட்டது. அந்த வீட்டு வழக்கம் எதுவோ அது சொன்ன நாளில் அந்த வீட்டுக்குப் போய்விடும். அதில் அவருக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

"இந்த ஏரியால எந்த வீட்ல எந்தப் புள்ளைக்கு செர்ரி புடிக்காதுனு என்னைக் கேளுடா. பெத்தவங்களக் கேக்காத."

போன மழைக்காலத்தில் கால் வீங்கி டாக்டரிடம் போனார். டாக்டர், இனிமேல் நிற்கவே கூடாது என்றார்.

"பேக்கரில படுத்துகினு எப்படி டாக்டர் விக்கறது?" என்று கேட்டுவிட்டு, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு, நேராகக் கடைக்குப் போய் நின்றார்.

அந்தச் சமயத்தில்தான் கோவிந்தப்பா சாஃப்ட்வேர் வாங்கினார். பொம்மனஹள்ளியில் அவருக்கு இன்னொரு கடை இருக்கிறது. அந்தப் பக்கத்து அபார்ட்மெண்ட்காரர்கள் யாரும் பேச விரும்புவதில்லையாம், எல்லாவற்றையும் ஃபோனில் விரலால் தடவியே வாங்குகிறார்களாம். அதனால் இரண்டு கடைக்கும் சேர்த்து ஆன்லைன் ஆர்டர். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஸ்கிரீன், ஸ்கிரீனுக்கு ஒரு மேஜை, மேஜைக்கு ஒரு நாற்காலி.

நாற்காலி என்ற சொல் காதில் விழுந்ததும் ஆன்ட்டி இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், அந்த ஸ்கிரீன நான் பாத்துக்கறேன்."

"உனக்கு கம்ப்யூட்டர் பருமா அம்மா?" என்றார் கோவிந்தப்பா. ஹாசன் பக்கத்துக்காரர். தமிழ் பேசுவார், நடுவில் கன்னடம் தானாக ஏறிக்கொள்ளும்.

"கேக் வரும் சார். கம்ப்யூட்டர் கூட வந்துரும்."

கோவிந்தப்பா யோசித்தார். அந்த வேலையைப் பொம்மனஹள்ளி மேனேஜரிடம் கொடுக்கலாம் என்று அவருக்கு ஏற்கெனவே ஒரு எண்ணம். கடைசியில், "நோடும்மா, நீயே அடுக்கு. முதல் ஞாயித்துக்கெழம ஓடட்டும். ஒரு கேக் மாறிப் போனாலும் ஸ்கிரீனும் மேஜையும் பொம்மனஹள்ளிக்குப் போயிடும். நீ கவுண்டர்லயே இரு" என்றார்.

அதாவது, நின்றுகொண்டே இரு.

சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து சிந்து என்கிற அக்கா லேப்டாப்போடு வந்தார். பெரியகுளத்துக்காரர், பெங்களூரு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வந்ததும், கோவிந்தப்பா தன் கைப்பட ஏற்றி வைத்திருந்த மெனுவைத் திறந்து பார்த்தார். பைனாப்பிள் அரை கிலோ வட்டம். பைனாப்பிள் அரை கிலோ இதயம். பைனாப்பிள் அரை கிலோ இதயம் எக்லெஸ். பைனாப்பிள் ஒரு கிலோ வட்டம். இப்படியே தள்ளிக்கொண்டு போனால் பட்டர்ஸ்காட்ச் வருவதற்குள் பிறந்தநாள் முடிந்துவிடும்.

"ஒவ்வொண்ணையும் தனிப் பொருளா போட்டா முடியவே முடியாதுக்கா" என்றார் சிந்து. "கேக் ஒண்ணுதான். அதுக்குக் கீழ கேள்வி வைக்கணும். எத்தனை கிலோ, என்ன ஃபிளேவர், என்ன வடிவம். எந்தக் கேள்விக்குக் கட்டாயம் பதில் சொல்லணும், எதை விட்டுட்டுப் போகலாம், ஒண்ணு மட்டும் எடுக்கலாமா, நாலஞ்சு எடுக்கலாமா, அதையெல்லாம் நாமதான் சொல்லித்தரணும்."

"அப்போ நான் ஃபோன்ல பேசறதுதான இது."

"கிட்டத்தட்ட அதேதாங்க்கா."

"அதுக்கு லேப்டாப் வேற தூக்கிகினு வந்தியா" என்றார் ஆன்ட்டி. சிந்து சிரித்துவிட்டார். அதன்பிறகு இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள்.

கம்பெனி கொடுத்திருந்த மாதிரியில் முட்டைக் கேள்வி கடைசியில் இருந்தது. ஆன்ட்டி அதைப் பிடுங்கி மேலே வைத்தார். "ஆசையா டிரஃபிள் கேக்கப் பொறுக்கி, பேரு எல்லாம் எழுதி முடிச்சவன் கிட்ட கடைசில போய் எக்லெஸ்ல இது இல்லனு சொன்னா? கொழந்தை கைல குடுத்த ஐஸ்கிரீமப் புடுங்கற மாதிரி." 'வயது' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை அழித்துவிட்டு, 'நம்பர் மெழுகுவர்த்தி வேண்டுமா, சாதா மெழுகுவர்த்தி போதுமா' என்று மாற்றினார். "பொம்பளைங்களுக்கு கேக் வாங்கற எடத்துல வயசு கேப்பாங்களா? ஆர்டரே போயிரும்." பெயர் எழுதும் கட்டத்துக்கு, அரை கிலோ என்றால் இத்தனை எழுத்துதான் என்று ஒரு எல்லை வைத்தார். ஹரிஷ்குமார் என்று ஒரு பையன் இருக்கிறான், போன வருஷம் அவன் பெயரின் கடைசிப் பாதி கேக்கின் பக்கவாட்டில் இறங்கிப் போனதாம். எல்லாவற்றுக்கும் முதலில் 'யாருக்கு?' என்ற கேள்வி.

"இது கிச்சனுக்குத் தேவையில்லையேக்கா" என்றார் சிந்து.

"கிச்சனுக்குத் தேவையில்ல. கேக்குக்குத் தேவை."

கேள்விகள் எல்லாம் வரிசையில் வந்து உட்கார்ந்ததும் ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டார்.

"டேய், காலிங் பெல்ல அழுத்திட்டு ஓடறதுக்கு இருக்கற மூளைய கொஞ்சம் இங்க காட்டு. எவ்ளோ கோணலா ஆர்டர் பண்ண முடியுமோ அவ்ளோ கோணலா பண்ணு."

"நெஜமாவா ஆன்ட்டி?"

"பத்தாவதுல கணக்குல கோணலா போட்டியே, அந்த மாதிரி போடு. ஓட்டை கண்டுபிடிச்சா எக் பஃப்ஸ்."

எந்தப் பள்ளிக்கூடத்திலும் இப்படி ஒரு பரீட்சை வைத்ததில்லை. நான் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து போட்டுத் தள்ளினேன். சற்று நேரத்தில் அடுப்படியில் பிரிண்டர் கிர் என்று சீட்டைத் துப்பியது. ஆதிகேசவன் மாஸ்டர்தான் அங்கே அடுப்புக்கும் கேக்குக்கும் எல்லாம். அவருக்கு மெதுவாகப் படிக்க வராது. கடை முழுக்கக் கேட்கிற குரலில் படித்தார்.

"மூணு அடுக்கு, அரை கிலோ. எக்கும் எக்லெஸ்ஸும். நேத்து சாயங்காலம் டெலிவரி. மேல எழுத வேண்டியது, கோவிந்தப்பா நாற்காலி வாங்கு."

பஃப்ஸ் கடித்துக்கொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"யாரு பேர்ல ஆர்டர்?" என்றார் கோவிந்தப்பா.

"திருவாளர் பேய்னு போட்டிருக்கு சார்."

"பேய்க்கு நாற்காலி யாக்கே?"

"டெஸ்ட் சார், டெஸ்ட்" என்று சொல்லிவிட்டு ஆன்ட்டி அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அந்த ஒரே சீட்டில் அத்தனை ஓட்டை. ஒவ்வொன்றாக அடைத்தார். கிலோ கூடினால்தான் அடுக்குக் கேள்வியே கண்ணில் படும்படி வைத்தார். எக், எக்லெஸ் இரண்டில் ஒன்றைத் தொட்டால் மற்றது அணைந்துவிடும்படி வைத்தார். நேற்று என்கிற தேதியைக் காலண்டரிலிருந்தே எடுத்தார். நான் இன்னொரு கோணல் யோசிப்பேன், அவர் இன்னொரு கதவைச் சாத்துவார். கடைசியில் நான் எதைத் தொட்டாலும் உருப்படியான கேக்தான் வந்தது. கடுப்பாக இருந்தது. பஃப்ஸும் நின்றுபோனது. ஒரு ஆள் தெருவில் உள்ள எல்லார் வீட்டு விசேஷத்தையும் மண்டையில் வைத்துக்கொண்டு, அதைக் கேள்விகளாகப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்று சாயாமல் அடுக்க முடியும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது. இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைகால் புரியாது, அந்தக் காலே சரியில்லை.

எல்லாம் முடிந்த பிறகுதான் ஆன்ட்டி அந்தப் பொத்தானை வைத்தார். எல்லாக் கேள்விகளுக்கும் மேலே, முதல் வரியில், 'வழக்கம் போல'. அதைத் தொட்டால் மற்றக் கேள்விகள் அனைத்தும் மடங்கிக்கொள்ளும். பெயர், ஃபோன், முகவரி, நேரம் போதும்.

சிந்துவுக்கு அது சரியாகப் படவில்லை. "அக்கா, யாருக்கு எது வழக்கம்னு சிஸ்டத்துக்குத் தெரியாதேக்கா."

"எனக்குத் தெரியும்ல."

"புதுசா வர்றவங்க அழுத்தினா?"

"புதுசா வர்றவன் எதுக்கு அத அழுத்தறான்? அவனுக்குத்தான் வழக்கமே கெடையாதே."

சிந்து யோசித்தார். நானும் யோசித்தேன். மறுக்க வழியே இல்லை. இருந்தாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே, அதையும் ஒருமுறை சோதித்தேன். என் பெயரைப் போட்டு 'வழக்கம் போல' அழுத்தினேன். கேக்கின் மேல்பாகத்தைச் சமமாகச் சீவும்போது விழுகிற துண்டுகளை ஒரு கவரில் போட்டு ஆன்ட்டி என் கையில் கொடுத்தார். சின்ன வயதிலிருந்து எனக்கு அதுதான் வழக்கம். சோதனை வெற்றி என்று நானே சிந்துவிடம் சொன்னேன்.

சனிக்கிழமை காலையில் ஆர்டர் திறந்தது. மறுநாளுக்கான சீட்டுகள் பிரிண்டரிலிருந்து வரிசையாக வர ஆரம்பித்தன. ஆன்ட்டி குளித்து, நல்ல புடவை கட்டி, தலையில் பூவோடு வந்திருந்தார். முதல் சீட்டுகளுக்கு மாஸ்டர் பெயரைப் படிக்கப் படிக்க, கவுண்டரிலிருந்தபடியே சொன்னார்.

"ரத்தினம்மாள்."

"எக்லெஸ் வெனிலா ஒரு கிலோ. செர்ரி வேணாம். பேரன் பேர எழுதாதீங்க மாஸ்டர், சிண்டுனு எழுதுங்க, இல்லனா அந்தப் புள்ள என் கேக் இல்லனு அழுவான்."

"ரங்கநாதன்."

"எக்லெஸ். கத்தி நம்மது போகக் கூடாது, அவங்க வீட்டுக் கத்திலதான் வெட்டுவாங்க."

ஏதோ சினிமா பார்க்கிற மாதிரி கோவிந்தப்பா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் மாஸ்டர் படித்த பெயருக்கு ஆன்ட்டி பதில் சொல்லவில்லை. அடுத்த பெயருக்கும் சொல்லவில்லை.

"இன்னாம்மா இது" என்று மாஸ்டர் மாவுக் கையோடு வெளியே வந்தார். "சீட்டுக்குச் சீட்டு வழக்கம் போலங்குது. யாரு இவங்கள்லாம்?"

ஆன்ட்டி சீட்டுகளை வாங்கிப் பார்த்தார். ஒரு பெயரும் தெரிந்த பெயர் இல்லை. எல்லாம் புது அபார்ட்மெண்ட், புது நம்பர். கவுண்டர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவர் எதையாவது பிடித்துக்கொண்டு நின்று நான் பார்த்ததில்லை.

முதல் நம்பரைக் கூப்பிட்டார். நான் காதை ஒட்டி வைத்தேன்.

"வணக்கம்ங்க, கோவிந்தப்பா பேக்கரிலேந்து பெர்னதெத். உங்க வழக்கம் இன்னானு கொஞ்சம் சொல்லிடறீங்களா?"

"எங்க வழக்கமா? நாங்க புதுசுங்க. உங்க கடை வழக்கம் என்னவோ அதப் போடுங்க. முதல்ல அதானே இருந்துச்சு, எல்லாரும் அதான் வாங்குவாங்க போலனு நெனச்சோம்."

ஆன்ட்டி ஃபோனை நெஞ்சில் வைத்து மூடிக்கொண்டார். "டேய், நான் அவங்க வழக்கத்தக் கேட்டா அவங்க நம்ம வழக்கத்தக் கேக்கறாங்கடா."

சிந்துவைக் கூப்பிட்டதும் உடனே பொத்தானை எடுத்துவிட்டார். 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவர் சொல்லவில்லை. நானாக இருந்தால் அதை ஒரு கேக்கில் எழுதியே அனுப்பியிருப்பேன். ஆனால் வந்த சீட்டுகள் வந்தவைதான். ஒரு கேக் மாறினாலும் நாற்காலி போச்சு. கோவிந்தப்பா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு ஆன்ட்டி பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். இடுக்கி ஒரு கையில், ஃபோன் தோளில், எதிரே பஃப்ஸுக்கு நிற்கிற கூட்டம். தப்பு எங்களுடையது என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான், உடனே, "யாருக்குங்க?" என்று ஆரம்பித்துவிடுவார். ஒருவர் பாப்பாவுக்கு என்பார். இன்னொருவர் வீட்டுக்கு வருகிற பெண் வீட்டாருக்கு என்பார். இன்னொருவர் தயங்கி, சும்மாதாங்க, யாருக்கும் இல்ல, எனக்குத்தான் என்றார். அவரிடம் ஆன்ட்டி குரலை இறக்கி, "உங்களுக்குனா நல்லா போட்டுரலாம்ங்க" என்றார். ஒவ்வொரு சீட்டாகக் கேக் ஆனது. மத்தியானச் சோற்றை அவர் திறக்கவே இல்லை.

சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது, ஒன்றைத் தவிர. தேஜஸ், லிங்கராஜபுரம், ஞாயிறு மத்தியானம். ஃபோன் அணைந்திருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தோம். அணைந்தது அணைந்ததுதான்.

"எல்லாம் ஆய்த்தா?" என்றார் கோவிந்தப்பா.

"ஒண்ணு பாக்கி சார்."

"மாறிப் போனா?"

"போவாது சார்."

"போனா பொம்மனஹள்ளி" என்று சொல்லிவிட்டுக் கல்லாவைப் பூட்டினார். கெட்டவர் இல்லை. சொன்ன சொல்லை மாற்றத் தெரியாதவர், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாஸ்டர், "அந்தத் தேஜஸுக்கு இன்னாம்மா போடறது?" என்று கேட்டார்.

"ஒரு கிலோ, எக்லெஸ். முட்டை சாப்புடறவன் எக்லெஸ் சாப்புட்டுருவான். எக்லெஸ்காரன் முட்டைய சாப்புட மாட்டான். நட்ஸ் வேணாம், யாருக்கு ஒத்துக்காதோ. வெள்ளையா பூசிக் குடுங்க. மேல ஒண்ணும் போடாதீங்க."

"மொட்டையாவா அனுப்பறது?"

"நான் கூடப் போறேன்."

நாங்கள் கிளம்பியது மத்தியானம், சர்ச் விடுகிற நேரம். ஞாயிறு பூசை முடிந்து வருகிற மொத்தக் கூட்டமும் பஃப்ஸுக்கும் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்துக்கும் கவுண்டரில் வந்து சாயும். ஆன்ட்டி கிரீம் கூம்புகளை நிறத்துக்கு ஒன்றாக ஒரு டிபன் டப்பாவில் வைத்தார். செர்ரி ஒரு கிண்ணம், சாக்லேட் துருவல் ஒரு கிண்ணம். பெட்டியை என் கையில் கொடுத்தார். "சார், ஒரு அரை மணி. கவுண்டர கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லி, கோவிந்தப்பா வாய் திறப்பதற்குள் ஆட்டோவில் ஏறிவிட்டார். வழியில் பள்ளம் வரும்போதெல்லாம், "தூக்கிப் புடி" என்றார்.

இரண்டாவது மாடி. கதவைத் திறந்தது ஒரு பெண். பின்னாலேயே ஓடி வந்த ஆள், அவள் தலைக்கு மேலே இரண்டு கையையும் ஆட்டி எங்களைப் போகச் சொன்னார். அவர்தான் தேஜஸ். மனைவி வீணாவுக்குத் தெரியாமல் வாங்கிய பிறந்தநாள் கேக். கூட்டாளிகள் யாராவது கூப்பிட்டு உளறிவிடுவார்கள் என்று முந்தின நாளே ஃபோனை அணைத்திருக்கிறார்.

ஆன்ட்டிக்கு ஒரு பார்வை போதும்.

"கோவிந்தப்பா பேக்கரிலேந்து வர்றோம்மா. புது வீடுனா முதல் கேக்க வீட்லயே வந்து முடிச்சுக் குடுக்கறது எங்க கடை வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் அந்த நிமிஷம்தான் பிறந்தது. நான் எத்தனையோ புளுகியிருக்கிறேன். இவ்வளவு அழகாக ஒன்று வந்ததில்லை.

வீணா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே உள்ளே கூப்பிட்டாள். ஆன்ட்டி சாப்பாட்டு மேஜையில் வெள்ளைக் கேக்கை எடுத்து வைத்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சாஃப்ட்வேரில் அடுக்கிய அதே வரிசையில் கேட்க ஆரம்பித்தார்.

"யாருக்குனு கேக்க வேணாம், தெரிஞ்சுபோச்சு. எக்கா, எக்லெஸ்ஸாம்மா?"

"எக்" என்றார் தேஜஸ். "எக்லெஸ்" என்றாள் வீணா. இரண்டும் ஒரே நேரத்தில்.

"நீ ஆம்லெட் சாப்பிடுவியே."

"ஆம்லெட் சாப்பிடுவேன். கேக்ல அந்த வாடை ஆகாது எனக்கு."

"நல்லதாப் போச்சு, எக்லெஸ்தான் இது" என்றார் ஆன்ட்டி. அவர் தோள் கொஞ்சம் இறங்கியதை நான் மட்டும் பார்த்தேன். "செர்ரி?"

"வேணாம்."

"என்ன கலரும்மா?"

தேஜஸ் ரோஸ் கூம்பை ஏற்கெனவே கையில் எடுத்திருந்தார். வீணா மஞ்சளைக் காட்டினாள். அவர் ரோஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

"கல்யாணமாகி எத்தனை மாசம்பா?" என்றார் ஆன்ட்டி.

"அஞ்சுங்க." காது சிவந்துவிட்டது. "இவளுக்கு என்ன கேக் புடிக்கும்னு எனக்குத் தெரியல. கேட்டா சர்ப்ரைஸ் போயிடும். வழக்கம் போலனு ஒண்ணு இருந்துச்சா, சரி, கடைக்காரங்களுக்குத் தெரியும் போலனு..."

"என்னைப் பத்தி பேக்கரிக்காரங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள் வீணா. கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

பரீட்சை ஹாலில் யாரோ விடை சொல்லும்போது கேட்கிற மாதிரி, அதன்பிறகு தேஜஸ் ஒவ்வொரு பதிலையும் குனிந்து கேட்டார். ஓரத்துக்குச் சின்னப் பூவா, அலையா? பூ. சாக்லேட் துருவலா? கொஞ்சமாக. ஆன்ட்டி கூம்பைப் பிழிந்தார். பேக்கரியில் மாஸ்டருக்குக் கை ஓயாத நேரத்தில் கேக்கில் பெயர் எழுதித் தரும்போது கவுண்டரில் இடுப்பைச் சாய்த்து, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்பார். எழுத்தில் அந்தச் சாய்வு இருக்கும். அன்றைக்கு உட்கார்ந்து எழுதினார். 'வீணா' என்பது அச்சடித்த மாதிரி நேராக வந்தது. அவரே ஒரு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது அரை மணி எப்போதோ முடிந்திருந்தது. கவுண்டரில் கோவிந்தப்பா. சட்டையில் கிரீம், நெற்றியில் வேர்வை, இடுக்கியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். வெஜ் பஃப்ஸ் கேட்டவருக்கு எக் பஃப்ஸ் கொடுத்து, அது ஒரு சண்டையாகி, மாஸ்டர் வந்து தீர்த்து வைத்திருந்தார். கூட்டம் இன்னும் நின்றது. கோவிந்தப்பா வலது காலுக்கு மாறினார். இடது காலுக்கு மாறினார். மறுபடி வலது காலுக்கு.

"ஏனம்மா, இதுதான் அரை மணியா?"

"கேக் சரியாப் போச்சு சார். எதுவும் மாறல."

அவர் இடுக்கியை ஆன்ட்டி கையில் கொடுத்துவிட்டு, கல்லாவுக்குப் போய், நாற்காலியில் மெல்ல இறங்கி, வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, கவுண்டரின் அடியில் தெரிந்த ஆன்ட்டியின் கால்களைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அன்றுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"தினா இப்படித்தானா பெர்னதெத்?"

"தினமும் இப்படித்தான் சார். ஞாயித்துக்கெழமனா கொஞ்சம் கூட."

ஸ்கிரீன் பொம்மனஹள்ளிக்குப் போகவில்லை. மெனுவில் இப்போது 'வழக்கம் போல' பொத்தான், முன்னால் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் கண்ணில் படும். சிந்துவின் வேலை அது. மற்றவர்களுக்கு, எல்லாக் கேள்விகளும் முடிந்த பிறகு அடியில் ஒரு பொத்தான் இருக்கிறது. ஆன்ட்டியின் வேலை. 'தெரியலைங்க, கூப்பிடுங்க' என்று எழுதியிருக்கும். புதுசாகக் கல்யாணமானவர்கள்தான் அதை அதிகம் அழுத்துகிறார்கள்.

திங்கட்கிழமை காலை, மேஜை வந்து இறங்கியது. நாற்காலியைக் கோவிந்தப்பாவே ஃபோனில் வாங்குவதாகச் சொல்லிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கை வைத்ததா, வைக்காததா. சக்கரமா, காலா. முதுகு உயரமா, குட்டையா. துணியா, வலையா. ஒவ்வொன்றுக்கும் கீழே இன்னும் நாலு. விரல் அந்தரத்தில் நின்றது.

"பெர்னதெத், இங்க வாம்மா. இதுல எத அழுத்தறது? வழக்கம் போலனு ஒண்ணும் காணோமே."

ஆன்ட்டி போய் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"யாருக்குனே கேக்கல பாருங்க சார். இன்னா சாஃப்ட்வேர் இது" என்று சொல்லி ஃபோனை வாங்கினார். கை வைத்தது. சக்கரம் வேண்டாம், மாஸ்டர் அடுப்படிக்கு உருட்டிக்கொண்டு போய்விடுவார். முதுகு உயரமாக. அந்த ஆர்டரை மட்டும் அவர் நின்றுகொண்டே முடித்தார்.